மலைக்குளிரில் டீசல் காரை ஸ்டார்ட் செய்வது: வேலூரிலிருந்து கிளம்புவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலூரில் டீசல் கார் வைத்திருப்பவருக்கு ஸ்டார்ட்டிங் ஒரு விஷயமே இல்லை. சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மார்கழி விடியலிலும் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் வண்டி எடுத்துவிடும். சிலிண்டரைச் சூடேற்றும் நான்கு ஹீட்டர் பிளக்கில் மூன்று செத்திருந்தாலும், பேட்டரி பாதி உயிரில் ஓடிக்கொண்டிருந்தாலும், டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தாலும் எடுத்துவிடும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. அதே வண்டியை லடாக்கில், லேயிலோ பாங்காங் ஏரிக்கரையிலோ ஓர் இரவு நிறுத்தினால் இந்தக் கோளாறுகள் எல்லாம் மறுநாள் காலை ஒரே நேரத்தில் வெளியே வரும்.

அதனால் மலையில் வண்டி எடுப்பதற்கான வேலையில் பெரும்பங்கு, கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் வேலூரிலேயே முடிக்க வேண்டியது. இந்தக் கட்டுரையிலும் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

உயரம் ஏற ஏற என்ன நடக்கிறது

வேலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 216 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வானோக்கு நிலையம் இருக்கும் ஜவ்வாதுமலைக் காவலூர் 725 மீட்டர். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 88 சதவீதம். ஊட்டி 2,240 மீட்டர், 76 சதவீதம். லே 3,500 மீட்டர், 65 சதவீதம். 5,359 மீட்டர் உயர கார்துங் லா கணவாயில் ஏறத்தாழ பாதிதான். இதோடு ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறைகிறது.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை 16, 17 மடங்கு அழுத்துகிறது. அழுத்தத்தில் காற்று சூடாகிறது. அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானாகப் பற்றுகிறது. உள்ளே வரும் காற்று குளிர்ந்திருந்தால் அழுத்தத்தின் முடிவில் கிடைக்கும் சூடும் குறையும். எவ்வளவு குறையும் என்பதைத்தான் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். செல்ஃப் மோட்டார் சுற்றும் வேகத்தில் அழுத்தும்போது காற்றின் தனி வெப்பநிலை (மைனஸ் 273 டிகிரியைப் பூஜ்ஜியமாக வைத்து எண்ணுவது) சுமாராக இரு மடங்காகிறது. எனவே வெளியே 30 டிகிரிக்குப் பதில் மைனஸ் 10 டிகிரி இருந்தால், அந்த 40 டிகிரி வித்தியாசம் சிலிண்டருக்குள் 80 டிகிரி அளவுக்கு வளர்ந்து நிற்கும்.

காற்று மெலிந்திருப்பது இரண்டாவது அடி. சிலிண்டருக்குள் காற்றின் அடர்த்தி குறைந்தால், தெளிக்கப்படும் டீசல் துளிகளைத் தடுத்து நிறுத்தி ஆவியாக்க ஆள் இல்லை. அவை நேராகப் போய் பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் சுவரிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஆவியாகும் கொஞ்ச டீசலும் இருக்கிற சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது, பற்றுவதற்குத் தாமதமாகிறது, பற்றுவதற்குள் பிஸ்டன் கீழே இறங்கிவிடுகிறது. சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை வருவது இதனால்தான். அந்தப் புகை எரியாத டீசல்.

"டர்போ வண்டி ஆச்சே, உயரம் என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. புகை வேகமாகப் போனால்தான் டர்போ சுற்றும். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் டர்போ சும்மா நிற்கிறது. ஸ்டார்ட்டிங் மட்டும் பார்த்தால், டர்போ இன்ஜினும் டர்போ இல்லாத இன்ஜினும் ஒன்றுதான்.

கணவாயைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கார்துங் லாவில் படம் எடுக்க அரைமணி நேரம் நிறுத்தினால் இன்ஜின் சூடாகத்தான் இருக்கும், திரும்ப எடுத்துவிடும். கவலைப்பட வேண்டியது இரவு தங்கும் இடத்தைப் பற்றி. பாங்காங், ஹான்லே, சோ மோரிரி எல்லாம் 4,200 மீட்டருக்கு மேலே. அங்கே இன்ஜின் பத்து மணி நேரம் முழுதாகக் குளிர்கிறது.

வேலூரிலேயே முடிக்க வேண்டியவை: ஹீட்டர் பிளக்

மெக்கானிக்குகள் ஹீட்டர் பிளக் என்று சொல்வதுதான் குளோ பிளக். சிலிண்டருக்கு ஒன்று. அதன் முனை 850 முதல் 1,000 டிகிரி வரை சிவந்து, குளிர்ந்த காற்றில் டீசல் பற்ற ஒரு இடம் கொடுக்கிறது.

டேஷ்போர்டில் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்து அணைகிறதே, அது பிளக் சூடானதற்குச் சாட்சி என்று நம்பிவிடாதீர்கள். குளிரூட்டி நீரின் வெப்பத்தைப் பார்த்து, "இத்தனை நொடி போதும்" என்று இன்ஜின் கணினி போடும் நேரக்கணக்கு அது. பிளக் நான்கும் செத்திருந்தாலும் பல வண்டிகளில் விளக்கு எரிந்து அணையும். வேலூர் பகல் வெயிலில் ஒரு நொடிதான் எரியும், சில வண்டிகளில் பிளக்குக்கு மின்சாரமே போகாது. எனவே பிளக்கை அளந்தே பார்க்க வேண்டும்.

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பிளக்குகளின் தலையில் இருக்கும் வயரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3 என்று காட்டினால் அது மீட்டர் வயரின் தடை. பிறகு வரும் ஒவ்வொரு அளவிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். ஒரு முனையைப் பிளக் தலையிலும் மறுமுனையை இன்ஜின் உடலில் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். சாதாரண உலோகப் பிளக் அரை ஓமிலிருந்து ஒன்றரை ஓமுக்குள் காட்டும். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க வேண்டும். மீட்டர் எதையும் காட்டாமல் எல்லையற்ற தடை என்று நின்றால் அந்தப் பிளக் அறுந்துவிட்டது.

பிளக் நன்றாக இருந்தும் அதற்கு மின்சாரம் வராமல் போகலாம். ரிலேவும் அதன் பெரிய ஃபியூஸும் அடுத்து பார்க்க வேண்டியவை. இதை விடியற்காலையில், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது சோதியுங்கள். அல்லது ஸ்கேனர் வைத்திருக்கும் ஷெட்டில் ஹீட்டர் ரிலேயைக் கட்டாயமாக ஆன் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: பிளக்கைக் கழற்றி பேட்டரியில் நேரடியாகக் கொடுத்து "சிவக்கிறதா" என்று பார்க்கும் பழக்கம் பழைய 12 வோல்ட் பிளக்குக்கு மட்டும் பொருந்தும். புது வண்டிகளில் 4.4 வோல்ட், 7 வோல்ட் பிளக்குகளும் பீங்கான் பிளக்குகளும் இருக்கின்றன. 12 வோல்ட் கொடுத்தால் சில நொடிகளில் எரிந்துபோகும்.

மாற்றுவதாக இருந்தால் நான்கையும் சேர்த்து மாற்றுவது நல்லது. பல வருடம் அசையாத பிளக் கரி பிடித்து இறுகியிருக்கும். குளிர்ந்த இன்ஜினில் அழுத்தித் திருப்பினால் தலை முறிந்து பாதி உள்ளே நின்றுவிடும். முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு, இன்ஜினைச் சூடாக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று பொறுமையாகக் கழற்ற வேண்டும். அவசரப்படும் ஷெட்டில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பேட்டரியும் அதன் வயரும்

பேட்டரியை மெல்லக் கொல்வது வெயில். அது செத்துவிட்டது என்று காட்டிக்கொடுப்பது குளிர். வேலூரில் மூன்று கோடை கடந்த பேட்டரியை நம்பி லடாக்கிற்குக் கிளம்ப வேண்டாம். பூஜ்ஜியம் டிகிரியில் நல்ல பேட்டரிகூடத் தன் இழுவையில் மூன்றில் ஒரு பங்கைப் போல இழந்துவிடும். அதே குளிரில் ஆயில் கெட்டியாகி, இன்ஜினைச் சுழற்ற அதிக இழுவை வேண்டும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் கதவைத் திறந்து, விளக்கெல்லாம் அணைந்தபின் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12.2 என்றால் பாதி. பிறகு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி அளவைப் பாருங்கள். வேலூர் வெப்பத்திலேயே 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அந்தப் பேட்டரி மலைக்கு ஆகாது. வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறது. சில புது வண்டிகளில் கணினி இந்த அளவை வேண்டுமென்றே ஏற்றி இறக்கும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அளந்தால் குழப்பம் குறையும்.

டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூச்சைச் சுடுநீர் விட்டுக் கழுவி, கம்பித்தூரிகையால் தேய்த்து, வாசலின் தடவுங்கள். பேட்டரியின் மைனஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் பட்டையைப் பலர் பார்ப்பதே இல்லை. அது அரித்திருந்தால் புதுப் பேட்டரி போட்டும் செல்ஃப் சோம்பலாகத்தான் சுற்றும்.

சார்ஜ் இறங்கிய பேட்டரிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. முழு சார்ஜில் இருக்கும் அமிலக் கரைசல் எந்த லடாக் குளிரிலும் உறையாது. சார்ஜ் தீர்ந்ததோ மைனஸ் 10 டிகிரிக்குள்ளேயே உறைந்து பெட்டி வெடிப்பு விடும். உறைந்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கக் கூடாது.

டீசல், ஃபில்டர்

டீசலில் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. குளிர்ந்தால் அது நுண்ணிய படிகங்களாகி ஃபில்டர் தாளை அடைக்கும். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1460, இந்த ஃபில்டர் அடைப்பு வெப்பநிலை கோடைக்கால டீசலுக்கு 18 டிகிரி வரையிலும், குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி வரையிலும் இருக்கலாம் என்கிறது. பங்கில் கிடைக்கும் டீசல் பெரும்பாலும் இதைவிட நன்றாகவே இருக்கும். ஆனாலும் சமவெளியில் நிரப்பிய டீசலோடு மைனஸ் குளிரில் இரவைக் கழிப்பது சூதாட்டம்தான். லடாக்கிற்காக மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. அது வந்ததே இந்தக் காரணத்தால்.

செய்ய வேண்டியது எளிது. மலை அடிவாரத்தை டேங்க் கிட்டத்தட்டக் காலியான நிலையில் அடையும்படி கணக்குப் போடுங்கள். மேலே இருக்கும் பங்கில் நிரப்புங்கள். நிரப்பியபின் பத்துப் பதினைந்து கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு இரவுக்கு நிறுத்துங்கள். அப்போதுதான் புது டீசல் குழாய்க்கும் ஃபில்டருக்கும் வந்து சேரும். ஊரிலிருந்து கேனில் டீசல் கொண்டுபோவதை விட்டுவிடுங்கள்.

கிளம்புமுன் டீசல் ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள், பழையதற்கு இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் ஆயுள் இருந்தாலும். அதன் அடியில் இருக்கும் தண்ணீர் வடிப்பானைத் திறந்து, சுத்தமான டீசல் வரும்வரை ஒரு டம்ளர் அளவு வடித்துவிடுங்கள். இங்கே அந்தத் தண்ணீர் சும்மா கிடக்கும். மேலே பனிக்கட்டியாகி வழியை மூடும்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ராணுவத்தில் இருந்தவர் இல்லாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். லடாக் போகிறேன் என்றால் அவர்கள் அக்கறையோடு பல யோசனை சொல்வார்கள். உடம்பைப் பற்றியும் பாதையைப் பற்றியும் அவர்கள் சொல்வதை அப்படியே கேளுங்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது, ஆயில் சம்ப்புக்கு அடியில் நெருப்பு வைப்பது ஆகிய இரண்டை மட்டும் உங்கள் காரில் செய்யாதீர்கள். மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய லாரி இன்ஜின் அதைத் தாங்கியிருக்கலாம். இன்றைய கார்களில் இருக்கும், கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் முறையின் பம்ப்புக்கு டீசல்தான் மசகு. மண்ணெண்ணெய் அந்த வழுவழுப்பைக் குறைத்து, ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்யும் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் தேய்த்துவிடும். இன்றைய காரின் அடிப்பகுதி முழுக்க பிளாஸ்டிக்கும் வயரும். நெருப்பு வைத்தால் வண்டியே போய்விடும்.

ஆயில், கூலன்ட், தெர்மோஸ்டாட்

கையேடு அனுமதித்தால் 15டபிள்யூ-40 ஆயிலிலிருந்து 5டபிள்யூ-30க்கு மாறுங்கள். முதல் எண் சிறியதாக இருந்தால் குளிரில் ஆயில் இளகலாக ஓடும். பிஎஸ் 6 வண்டிக்குக் கையேட்டில் சொன்ன தரத்தைத் தவிர வேறெதையும் ஊற்ற வேண்டாம், சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் புகைவடிப்பான் கெடும்.

கூலன்ட் விஷயத்தில் நம் பகுதிக்கே உரிய ஒரு தவறு இருக்கிறது. ரேடியேட்டர் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். பாலாற்றங்கரை தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் நிலத்தடி நீரின் உப்பு எவ்வளவு என்பது குடிப்பவர்களுக்குத் தெரியும். அது ரேடியேட்டரில் படிவாக இறங்குவதோடு, கூலன்ட்டின் அடர்த்தியையும் குறைத்துவிடும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி இருந்தால் மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. வெறும் தண்ணீர் பூஜ்ஜியத்திலேயே உறைந்து பிளாக்கை வெடிக்க வைக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் பகலில் ஏற்றத்தில் கொதித்து வழியும்.

"நம்ம ஊர் சூட்டுக்கு எதுக்கு சார்" என்று, இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடும் வழக்கம் பழைய வண்டிகளில் நிறைய. அப்படிப்பட்ட வண்டி மலையில் சூடாகவே மாட்டாது. ஸ்டார்ட் ஆனபின் அரைமணி நேரமானாலும் புகையும் தடுமாற்றமும் நிற்காது, உள்ளே ஹீட்டரும் வேலை செய்யாது. கழற்றியிருந்தால் திரும்பப் போடுங்கள்.

ஏர் ஃபில்டர் புதிதாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்கு காற்று ஏற்கெனவே இல்லாத இடத்துக்குப் போகிறீர்கள். புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடுவது ஈஜிஆர் வால்வு; அது கரி பிடித்துத் திறந்தே நின்றால், இருக்கிற காற்றிலும் புகையைக் கலக்கும். அதையும் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் ஒரு சின்ன ஒத்திகை. மார்கழி, தை மாதத்தில் ஏலகிரியில் ஓர் இரவு வண்டியை வெளியே நிறுத்தி, காலை ஐந்தரை மணிக்கு ஹீட்டர் விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடியுங்கள். இரண்டு நொடிக்குள் சுத்தமாக எடுத்தால் நல்லது. ஐந்து நொடி இழுத்து, குலுங்கி, வெள்ளையாகப் புகைத்தால் அங்கேயே ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஏலகிரியில் தேறியதால் லடாக்கில் தேறும் என்று அர்த்தமில்லை. உறைபனி விழும் மாதங்களில் ஊட்டி இதைவிடக் கடினமான, நம்பத்தகுந்த பரீட்சை.

மாலையில் நிறுத்தும்போது

காலை ஸ்டார்ட்டிங் முந்தின மாலையே தொடங்கிவிடுகிறது. இன்ஜின் முகப்பு கிழக்கைப் பார்க்க, காற்று நேராக அடிக்காத சுவரோரம் நிறுத்துங்கள். ஈரச் சாலையில் வந்திருந்தால் ஹேண்ட்பிரேக் ஷூ உறைந்து பிடித்துக்கொள்ளும்; சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நிறுத்துமுன் ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு டர்போ ஆறட்டும். ஏசி புளோயர், விளக்கு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இறங்குங்கள். பானட் மேல் தடித்த கம்பளி போட்டால் கொஞ்ச நேரம் சூடு நிற்கும். காலையில் எடுக்க மறக்கக் கூடாது.

புகையைச் சுத்தமாக்க ஆட்புளூ என்ற கரைசல் ஊற்றும் வண்டி என்றால், அந்தக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும். உறையும்போது விரிவதால் டேங்கைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். உறைந்தால் வண்டியே அதைச் சூடாக்கி இளக்கிக்கொள்ளும். ஆனால் முழுக்கத் தீர்ந்துபோனால், நிறுத்திய வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

காலையில், வரிசையாக

1. நியூட்ரலில் வைத்து கிளட்சை முழுக்க மிதியுங்கள். கியர்பாக்ஸில் கெட்டியான ஆயிலையும் சேர்த்துச் சுழற்றும் சுமை செல்ஃபுக்குக் குறையும்.

2. சாவியை ஆன் நிலையில் மட்டும் வையுங்கள். சுருள் விளக்கு அணையட்டும். அணைந்தபின் இன்னும் ஐந்து நொடி விடுங்கள். பல வண்டிகளில் விளக்கு அணைந்த பிறகும் பிளக் கொஞ்ச நேரம் சூட்டிலேயே இருக்கும்.

3. செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்யுங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே என்றால் இப்படி இரண்டு தடவை, மைனஸ் 10ஐ நெருங்கினால் மூன்று தடவை. அதற்கு மேல் வேண்டாம், பேட்டரிதான் இறங்கும். பட்டன் வண்டியில் கிளட்சையோ பிரேக்கையோ மிதிக்காமல் பட்டனை அழுத்தி ஆன் நிலைக்குக் கொண்டுவந்து இதைச் செய்யலாம்.

4. செல்ஃப் அடியுங்கள், ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் போகாமல். காமன் ரெயில் வண்டியில் ஆக்ஸிலேட்டரைத் தொட வேண்டாம்; எவ்வளவு டீசல் வேண்டும் என்பது கணினிக்குத் தெரியும். மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய வண்டியில் பாதி மிதித்துப் பிடிக்கலாம்.

5. பற்றுவதுபோல் குலுங்கினால் உடனே சாவியை விட்டுவிடாதீர்கள். ஒரு சிலிண்டர் பற்றி மற்றவை பற்றாத நிலை அது. பத்து நொடிக்குள் இன்ஜின் தன் காலில் ஓடத் தொடங்கும்வரை செல்ஃப் துணை தரட்டும்.

6. எடுக்காவிட்டால் ஒரு முழு நிமிடம் ஓய்வு. செல்ஃப் மோட்டார் ஆறும், பேட்டரி கொஞ்சம் மீளும். பிறகு 2ஆம் படியிலிருந்து மறுபடி.

எடுத்ததும் ரேஸ் கொடுக்காதீர்கள். கெட்டியான ஆயில் டர்போ பேரிங்கைச் சென்றடைய நேரமாகும். ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு 2,000 ஆர்பிஎம்முக்குள் மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடாக்குங்கள். முதல் நிமிடத்தில் வெள்ளைப் புகையும் லேசான நடுக்கமும் அந்த உயரத்தில் இயல்பு. கால்மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவதால் இன்ஜின் சூடாவதில்லை. புகைவடிப்பானில் கரிதான் சேர்கிறது.

மூன்று தடவையும் எடுக்கவில்லை என்றால்

நான்காவது தடவை அடிக்காதீர்கள். ஒருவரைப் பின்னால் நிறுத்தி சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் செல்ஃபின் சத்தத்தைக் கேளுங்கள். இந்த இரண்டிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

செல்ஃப் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றுகிறது, டேஷ்போர்டு விளக்கு மங்குகிறது: பேட்டரி அல்லது டெர்மினல். ஜம்ப் கேபிள் போடுங்கள். சிவப்பு முதலில் உங்கள் பேட்டரியின் பிளஸில், மறுமுனை உதவும் வண்டியின் பிளஸில். கறுப்பு உதவும் வண்டியின் மைனஸில், கடைசி முனை உங்கள் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரி மேலேயே அந்தக் கடைசி முனையைப் போட்டால் பொறி பறந்து, அங்கே கசியும் ஹைட்ரஜன் பற்றலாம். உதவும் வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகே செல்ஃப் அடியுங்கள். மெல்லிய கேபிள் டீசல் இன்ஜினுக்கு உதவாது. கை விரல் தடிமன் இருக்க வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது: டீசல் வருகிறது, பற்றவில்லை. ஹீட்டர் பிளக்கின் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். அவை சரியென்றால் வெயில் இன்ஜின்மேல் விழும்வரை, ஒன்பது பத்து மணிவரை, காத்திருப்பதைவிட நல்ல மருந்து இல்லை. அந்த உயரத்தில் வெயில் உறைப்பாக அடிக்கும். இரண்டு மணி நேரத்தில் நிலைமை மாறிவிடும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, புகையே இல்லை: டீசல் இன்ஜினுக்கு வரவில்லை. மெழுகு, பனிக்கட்டி, அல்லது ஏர் லாக் (குழாயில் காற்று புகுந்த அடைப்பு). டீசல் ஃபில்டரைச் சுற்றித் துணி கட்டி, சுடுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், வயர் இணைப்புகளில் படாமல். ஐந்து நிமிடம் கழித்து, கைப்பம்ப் இருக்கும் வண்டியில் அது கல்போல இறுகும்வரை அழுத்துங்கள். கைப்பம்ப் இல்லாத வண்டியில் சாவியை நான்கைந்து தடவை ஆன், ஆஃப் செய்தால் டேங்க்கில் உள்ள மின்பம்ப் அழுத்தத்தை ஏற்றும்.

எடுத்து, சில நொடியில் நின்றுவிடுகிறது: பெரும்பாலும் அதே ஃபில்டர் அடைப்புதான். குழாயில் இருந்த டீசல் தீர்ந்ததும் நிற்கிறது.

செல்ஃப் அசையவே இல்லை, டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுச் சின்னம் மின்னுகிறது: சாவிக்குள் இருக்கும் பொத்தான் செல் குளிரில் சோர்ந்திருக்கலாம். உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, ஸ்டார்ட் பட்டன்மேல் சாவியை ஒட்டிப் பிடித்து அழுத்திப் பாருங்கள்.

கடைகளில் கிடைக்கும் ஈதர் ஸ்பிரேயை ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அடிக்கவே கூடாது. சிவந்த பிளக்கில் அது நேரம் தப்பிப் பற்றி பிஸ்டனை உடைக்கும்; காற்றுக்குழாயில் பற்றினால் உங்கள் முகத்துக்கு நேராக வெடிக்கும். சரிவில் தள்ளி கியரில் போட்டு எடுப்பதையும் மலைச் சாலையில் செய்யாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் துணை விசை இல்லை, அடுத்த வளைவு ஐம்பது மீட்டரில் இருக்கும்.

எடுத்தபின் ஏற்றத்தில் நகர

ஸ்டார்ட் ஆன பிறகும் ஒரு தொல்லை காத்திருக்கிறது. டர்போ விழிக்காத 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே அந்த உயரத்தில் இன்ஜினுக்கு இழுவை மிகக் குறைவு. ஆளும் சாமானும் நிறைந்த வண்டியை ஏற்றத்தில் வேலூர் பழக்கத்தில் கிளட்சை விட்டால் நின்றுவிடும். இரண்டு தடவை நின்றால் பதற்றத்தில் கிளட்சைப் பாதியில் பிடித்து இழுக்கத் தோன்றும்; கருகிய வாடை அப்போதுதான் வரும். ஏசியை அணைத்து, ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடி, முதல் கியரில் 1,800 வரை ரேஸ் கொடுத்து, டர்போ விழித்தபின் கிளட்சை ஒரே சீராக முழுக்க விட்டு ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் லோ ரேஞ்சில் போட்டு நகர்த்துவது கிளட்சுக்கு இன்னும் நல்லது. அப்படியும் கிளட்ச் வாடை வந்துவிட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் நின்று ஆறவிட்டு, பின்சீட்டில் இருப்பவர்களை இறங்கி மெதுவாக நடக்கச் சொல்லி, வண்டியைக் காலியாக ஏற்றுங்கள்.